சிட்டி காரின் பின்பக்க நான்கு பிளக்குகள்: எஞ்சினை இறக்க வேண்டியதில்லை

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பா வாங்கிய 2006 மாடல் ஹோண்டா சிட்டி இசட்எக்ஸ், 1.5 பெட்ரோல் வண்டி. மகளைப் பார்க்க மாதம் ஒருமுறை திம்பம் வழியாக மைசூரு போய் வருகிறேன். பண்ணாரி தாண்டி ஏசி போட்டு ஏறினால் வண்டி முன்னைப்போல் இழுப்பதில்லை, மைலேஜும் குறைந்துவிட்டது. மெக்கானிக் ஸ்பார்க் பிளக் மாற்றினார், ஆனால் நான்குதான் மாற்றினார். மீதி நான்கு பின்னால் இருக்கிறதாம். 'அதுக்கு எஞ்சினையே எறக்கோணும்ங்க, அது நல்லாத்தானுங்க இருக்கும், வுட்ருங்க' என்கிறார். உண்மையா? நானே மாற்ற முடியுமா?"

உண்மை இல்லைங்க. எஞ்சினை இறக்க வேண்டாம், அசைக்கக்கூட வேண்டாம். முன்கண்ணாடியின் அடியில், வைப்பருக்குக் கீழே நீளமாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதே, கவுல் என்போம், அதைக் கழற்றினால் பின்பக்க பிளக்குகளுக்குக் கை போகும். வேலை மெனக்கெட்ட வேலைதான். முன்பக்க நான்கும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பின்பக்கத்துக்கு, முதல்முறை செய்கிறவருக்கு அரை நாள் போகும். அதனால்தான் பல பட்டறைகளில் அதைத் தொடுவதில்லை.

தொடாமல் விட்டாலும் ஏன் யாருக்கும் தெரிவதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் திம்பம் பிரச்சினைக்கே விடை அதில்தான் இருக்கிறது. இந்த ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக மொத்தம் எட்டு. சிலிண்டரின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பொறி விழுந்து பெட்ரோல் வேகமாகவும் முழுமையாகவும் எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. எந்தப் பொறி எவ்வளவு முன்பின் விழ வேண்டும் என்பதை எஞ்சின் வேகத்தையும் சுமையையும் பார்த்துக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. சாதாரண எஞ்சினில் ஒரு பிளக் செத்தால் வண்டி உதறும், ஓட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். இதில் பின் பிளக் செத்தாலும் அதே சிலிண்டரின் முன் பிளக் வேலையை இழுத்துக்கொண்டு போகிறது. ஈரோடு போய்வர ஒன்றும் தெரியாது. முழு பலம் கேட்கிற இடத்தில், அதாவது ஏசியோடு மலை ஏறும்போதுதான் குறை வெளியே வரும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதுதான். வேறு காரணமும் இருக்கலாம், ஏர் ஃபில்டரையும் ஒரு பார்வை பாருங்கள். ஆனால் நான்கு பிளக் எத்தனை வருடமாகக் கிடக்கிறது என்றே தெரியாதபோது, முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

நீங்களே செய்யலாமா என்றால், பொறுமை இருந்தால் செய்யலாம். ராட்செட், நீளமும் குட்டையுமாக இரண்டு எக்ஸ்டென்ஷன், ஒரு யூனிவர்சல் ஜாயின்ட், உள்ளே ரப்பர் வைத்த பிளக் சாக்கெட், நல்ல டார்ச், இவ்வளவு போதும். பிளக்கின் எண்ணை வண்டிக் கையேட்டில் பார்த்து அதையே வாங்குங்கள். போலி பிளக் நிறைய நடமாடுகிறது, தெரிந்த ஸ்பேர்ஸ் கடையில் பில்லோடு வாங்குவது நல்லது. என்ஜிகே பிளக்கில் எண்ணின் கடைசியில் 11 என்று இருந்தால் முனை இடைவெளி 1.1 மில்லிமீட்டர் வைத்தே வந்திருக்கிறது, அதைத் தட்டி மாற்றத் தேவையில்லை. சாதாரண நிக்கல் முனை 30,000, 40,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிடும், இரிடியம் ஒரு லட்சம் வரை போகும். கை எளிதில் போகாத இடத்துக்கு இரிடியம் போடுவதே என் வழக்கம். கையேடு அனுமதிக்கிற இரிடியம் எண் கிடைத்தால் எட்டும் அதே இனமாகப் போடுங்கள்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிளக் திருகியிருக்கிற ஹெட், அதாவது எஞ்சினின் மேல்பாகம், அலுமினியம்; பிளக்கின் உடம்பு இரும்பு. சூட்டில் கழற்றினால் ஹெட்டில் இருக்கும் மரையைப் பிளக் கையோடு உருவிக்கொண்டு வந்துவிடும். என் பட்டறையில் ஒருமுறை அப்படி நடந்தது. வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார், மதியம் ஓட்டி வந்த வண்டியில் ஒரு மணி நேரத்தில் கை வைத்தேன். மூன்றாவது பிளக் பாதி வந்ததும் இறுகியது, நானும் அழுத்தித் திருகினேன். வெளியே வந்த பிளக்கின் மரைக்குள் வெள்ளி நிறத்தில் அலுமினியச் சுருள் சுற்றியிருந்தது. லேத்காரரை வரவழைத்து, போன மரைக்குப் பதிலாக ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரை போட்டுச் சரிசெய்தோம், செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து பிளக் வேலைக்கு வண்டியை முந்தின நாள் இரவே விடச் சொல்கிறேன், விடிந்ததும் தொடங்குகிறேன்.

முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். வைப்பர் கை கண்ணாடியில் எங்கே படுத்திருக்கிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், மாட்டும்போது அளவு தவறாது. நட்டைக் கழற்றிய பிறகு வைப்பர் கையை இடமும் வலமுமாக ஆட்டினால் வந்துவிடும், சுத்தியல் வேண்டாம். அப்புறம் கவுல். கிளிப்பெல்லாம் 20 வருட வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், காலைக் குளிரில் நெம்பினால் படக்கென்று உடையும். வெந்நீரில் நனைத்த துணியைக் கிளிப் மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் இளகும். அப்படியும் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும், புதுசு நாலைந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கவுலை எடுத்ததும் அங்கே சேர்ந்திருக்கிற குப்பையைப் பாருங்கள். பொள்ளாச்சி வண்டியில் தென்னை நார்த் தூசி, பல்லடம் வண்டியில் பஞ்சு, மரத்தடியில் நிற்கிற வண்டியில் வேப்பிலைச் சருகு. இதில் ஒரு துளிகூட சிலிண்டருக்குள் விழக்கூடாது. ஒவ்வொரு பிளக் மேலும், பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் காயில் ஒன்று உட்கார்ந்திருக்கும், எட்டுப் பிளக்குக்கு எட்டு காயில். முன்பக்கக் காயிலையும் பின்பக்கக் காயிலையும் கலக்காதீர்கள், கழற்றும்போதே மேலே எண் எழுதிவிடுங்கள். ஒயர் கனெக்டரின் நாக்கு சூட்டில் வெந்து மொறுமொறுப்பாக இருக்கும், விரலால் அழுத்தி எடுங்கள், ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீர்கள். காயிலைத் தூக்கியதும், பிளக்கைத் திருகுவதற்கு முன்னால், அந்தக் குழிக்குள் காற்று அடியுங்கள். பஞ்சர் கடைக்காரர் வைத்திருக்கிற சின்ன கம்ப்ரசரே போதும்.

சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேருகிற இடத்தில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் மேலே இழுக்கும்போது எக்ஸ்டென்ஷன் மட்டும் கைக்கு வரும், சாக்கெட் பிளக்கோடு குழிக்குள் நின்றுவிடும். முன்னால் அது பரவாயில்லை, பின்னால் அதை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். முதல் அசைவு 'டக்'கென்று விட்டுக்கொடுத்து, அப்புறம் சீராக வந்தால் நல்லது. பாதியில் இறுகினால் நிறுத்துங்கள். துருநீக்கி எண்ணெய் கொஞ்சம் விட்டு, கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று பழக்கி எடுங்கள்.

கழற்றிய எட்டையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு அட்டைமேல் அடுக்கி வையுங்கள். வெள்ளைப் பீங்கான் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது பொறி பலவீனமாக இருக்கிறது. முனை எண்ணெயில் நனைந்திருந்தால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது, அதைப் பிளக் மாற்றித் தீர்க்க முடியாது. முனை காய்ந்திருந்து குழிக்குள் மட்டும் எண்ணெய் நின்றால் பயப்பட வேண்டாம், மேல்மூடியின் சீல் கசிகிறது, அவ்வளவுதான். எப்போதோ மாற்றிய பின்பக்கப் பிளக்கையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூராக இருக்க வேண்டிய நடுமுனை உருண்டு, இடைவெளி கண்ணுக்கே தெரிகிற அளவு அகன்றிருக்கும்.

புதுசைப் போடும்போது ராட்செட்டைத் தொடாதீர்கள். பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் நீளம் வெட்டி, பிளக்கின் மேல் முனையில் செருகி, அதைப் பிடித்துக் குழிக்குள் இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள், மரையும் மரையும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். கையாலேயே ஐந்தாறு சுற்று இறங்கிய பிறகுதான் சாக்கெட். எவ்வளவு இறுகுகிறது என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவு. அது நுழையாவிட்டால், புதுப் பிளக்கின் வாஷர் ஹெட்டில் உட்கார்ந்தபின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை, அதற்கு மேல் வேண்டாம். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் நம் பக்கம் உண்டு. முலாம் பூசிய பிளக்குகளுக்கு அது தேவையில்லை, வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகிவிடும். கீழே விழுந்த பிளக்கைப் போடவே போடாதீர்கள், பீங்கானில் விரிசல் வெளியே தெரியாது.

மெக்கானிக்கிடமே கொடுப்பதாக இருந்தால், "எட்டும் மாத்தோணும், கூலி எவ்வளவுன்னு இப்பவே சொல்லீருங்கண்ணா, பழசு எட்டும் எனக்கு வேணும்" என்று வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். மூன்று மணி நேர வேலைக்கு நான்கு பிளக் கூலி கொடுத்தால் யாரும் கவுலைக் கழற்ற மாட்டார்கள். நியாயமான கூலியைக் கேட்டு வாங்குகிறவரிடம் பேரம் பேசாதீர்கள். ஆம்னி, ஈகோ வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவற்றில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், சீட்டைத் தூக்கினால் வேலை தொடங்கிவிடும்.

எட்டும் மாட்டி, காயில் உட்கார்ந்து, பேட்டரி இணைத்து, வண்டி உதறாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கவுலை மூடுங்கள். கவுலின் ஓரத்து ரப்பர் ஒரு இடத்தில் மடிந்திருந்தாலும் மழைத்தண்ணீர் நேராகப் பின்பக்கக் காயில்மேல் சொட்டும், ஐப்பசி மழையில் வண்டி உதறத் தொடங்கும். அதனால் வைப்பரை மாட்டியதும் ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடிமேல் மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் இரண்டு ஓரத்து வடிகால் வழியாக மட்டும் இறங்க வேண்டும்.