நாலு கேள்வி கேட்டு ஒருவரின் நிதித் திறனை அளக்க முடியுமா?

வட்டி, பணவீக்கம் பற்றி நாலு கேள்வி கேட்டால், ஒருவருக்குக் காசைக் கையாளத் தெரியுமா என்று கண்டுபிடித்துவிடலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். அறிவைக் கண்டுபிடிக்கலாம். திறன் வேறு.

அமெரிக்காவில் லூசார்டி, மிட்செல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2004இல் கேட்கத் தொடங்கிய மூன்று கேள்விகள் பிரபலம். அதில் ஒன்று: சேமிப்புக்கு வருட வட்டி 1 வீதம், பணவீக்கம் 2 வீதம் என்றால் ஒரு வருடம் கழித்து அந்தக் காசுக்கு முன்னைய அளவு சாமான் வாங்கலாமா? 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தபோது, இதை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கேட்டிருந்தால் மரக்கறி விற்கிற அக்கா சிரித்திருப்பா. பதில் தெரிந்து அவ ஒன்றும் மிச்சம் பிடித்திருக்க முடியாது.

பிரிட்டனில் 2005இல் 5,000க்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வு இதைவிடப் புத்திசாலித்தனமானது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வடிவமைத்தது. வரவுக்குள் சமாளிப்பது, கணக்கு வைத்திருப்பது, முன்கூட்டித் திட்டமிடுவது, பொருத்தமான சேவையைத் தெரிவது, விஷயம் அறிந்திருப்பது என்று ஐந்தையும் தனித்தனியே அளந்தார்கள். ஒன்றில் கெட்டிக்காரர் இன்னொன்றில் கோட்டை விடுவதால் எல்லாவற்றையும் கூட்டி ஒரே புள்ளியாகக் கொடுக்கவில்லை.

கோண்டாவிலில் இருக்கும் என் மாமியை அதில் வைத்துப் பார்க்கிறேன். சீட்டில் இந்த மாதம் எவ்வளவு கழிவுக்குப் போகும், யார் அவசரத்தில் ஏலம் கூறுவார் என்பதெல்லாம் மனக்கணக்கு. பழைய கொப்பியின் பின்பக்கத்தில் பால்காரன் கணக்குவரை இருக்கும். "மூன்று மாதச் செலவுக்கு வங்கியில் சேமிப்பு உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பா. காப்பு இருக்கிறது, அவசரமென்றால் அடைவு வைப்பா. வினாக்கொத்தில் நகைக்கு இடமில்லையென்றால் மாமிக்குப் பூச்சியம்தான். இதை மாமியின் குறையென்று எழுதுவது நியாயமா?

இன்னொன்று, இயலாததும் தெரியாததும் வேறு. கூலி கிடைக்காத கிழமையில் கடன்படுகிறவரையும், கனடாவிலிருந்து மாதாமாதம் காசு வருவதால் சமாளிக்கிறவரையும் "வரவுக்குள் செலவா?" என்ற ஒரே கேள்வியால் அளந்தால் இரண்டாமவர் சும்மாவே பாஸ். ஆகவே வருமானத்தையும் அது வரும் ஒழுங்கையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அளப்பதாக இருந்தால் நான் முதலில் கேட்பது இது: "ஒரு லட்சம் கடன், மாதம் 2 வீதம் வட்டி, 12 தவணை, தவணைக்கு 10,333 ரூபா. வருட வட்டி எவ்வளவு?" 24 என்றுதான் பலரும் சொல்வார்கள். முதல் குறையக் குறையவும் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. மீதி முதலுக்குக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 42 வீதம். அதோடு நிறுத்தாமல், கடைசியாகக் கடன் எடுத்தபோது இரண்டு இடத்தில் விசாரித்தீர்களா, கையெழுத்து வைக்கமுன் தாளை யாராவது வாசித்துக் காட்டினார்களா என்றும் கேட்பேன்.