இரண்டு காயில், நான்கு பிளக்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பழைய காரில் டிஸ்ட்ரிபியூட்டர் (மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பிரித்து அனுப்பும் பாகம்) இருந்தது. இப்போது வாங்கிய காரில் அது இல்லை. நான்கு சிலிண்டருக்கு இரண்டே காயில்தான். எப்படிப் போதும்?

பதில்: தாராளமாகப் போதும். காயில் பேட்டரியின் சிறு வோல்டேஜைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும்; பிளக் அதைப் பொறியாக்கிச் சிலிண்டருக்குள் கொளுத்தும். ஒரு காயிலின் இரு முனைகளும் இரண்டு பிளக்குக்குப் போகின்றன. 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் இன்னொன்று. ஜோடிப் பிஸ்டன்கள் ஒன்றாகவே மேலே வரும். ஒன்றில் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுந்தி நிற்கும். மற்றதில் எரிந்த புகை வெளியேறி முடிகிற நேரம். காயில் இரண்டிலும் ஒரே சமயத்தில் பொறி போடும். ஒன்றுதான் வேலைக்கு ஆகும். அடுத்த சுற்றில் முறை மாறும். இதற்கு 'வேஸ்ட் ஸ்பார்க்' என்று பெயர், ஆனால் வீணாவது கொஞ்சம்தான். புகையிருக்கும் சிலிண்டரில் அழுத்தம் குறைவு. சிறு வோல்டேஜிலேயே பொறி தாவிவிடும். மிச்சமெல்லாம் அழுந்திய பக்கத்துக்கே. 1948-ல் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி, கம்ப்யூட்டரே இல்லாமல் இதைச் செய்தது!

கேள்வி: எப்போது பொறி போடுவது என்று யார் சொல்கிறார்கள்?

பதில்: கிராங்க் சென்சார். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது அது. பல கார்களில் தண்டோடு சுழலும், 60 பல்லுக்கு இடமுள்ள சக்கரத்தில் இரண்டை விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை வைத்து இசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கணக்குப் போடும். பிளக்குக்கு ஒரு காயில் என்றால், எந்தச் சிலிண்டர் அழுந்துகிறது என்றும் தெரிய வேண்டும். அதற்குத்தான், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைப் பார்க்கும் கேம் சென்சார்.

கேள்வி: 2, 3 சிலிண்டர் இரண்டிலும் மிஸ்ஸிங் (கலவை சரியாகப் பற்றாமல் விடுகிறது). பிளக்கை மாற்றியும் போகவில்லை.

பதில்: ஜோடியாகப் படுத்தால் என் சந்தேகம் காயில் மேல்தான். ஆனால் உடனே காசை அவிழ்க்க வேண்டாம். மின்சாரம் ஒரு பிளக்கில் போய், இன்ஜின் பிளாக் வழியாக மற்றதில் திரும்புகிறது. ஆகவே ஒரு ஒயர் அறுந்தாலும் இரண்டுமே தடுமாறலாம். முதலில் ஒயர்களை மல்டிமீட்டரில் பாருங்கள். அப்புறம் காயில்.

கேள்வி: பிளாட்டினம் பிளக் போடலாமா?

பதில்: போடலாம், இரு முனையிலும் பிளாட்டினம் உள்ளதாக வாங்குங்கள். ஜோடியில் ஒன்றில் பொறி நடு முனையிலிருந்து பக்க முனைக்கும், மற்றதில் நேர் எதிராகவும் பாயும். அதனால் ஒன்றில் நடு முனை அதிகம் தேயும், மற்றதில் பக்க முனை.

கேள்வி: வண்டி ஓடும்போது ஒயரைக் கழற்றிப் பார்க்கலாமா? பழைய மெக்கானிக்குகள் செய்வார்களே?

பதில்: வேண்டாம். பல்லாயிரம் வோல்ட். உங்களையும் அடிக்கும், காயிலையும் கெடுக்கும்.