சிறப்புப் பள்ளியில் சேர்த்தால் ஆட்டிசக் குழந்தைக்குத் தேவையான தெரபி எல்லாம் அங்கேயே கிடைத்துவிடுமா?

கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள என் மகன் ஒரு சிற்றூரில் உள்ள சிறப்புப் பள்ளியில்தான் படிக்கிறான்.

பள்ளி போர்டில் ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி), ஓ.டி. (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி), பிசியோ எல்லாம் போட்டிருப்பார்கள். சேர்க்கும்போதே கேளுங்கள்: என் பிள்ளைக்குத் தனியாக வாரத்தில் எவ்வளவு நேரம்? எடுப்பவர் என்ன படித்திருக்கிறார்? எங்கள் பள்ளிக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் வெளியூரிலிருந்து வாரம் ஒரு நாள் வருகிறார். அன்று விடுமுறை வந்தால் அந்த வாரம் போச்சு. சம்பளம் கட்டுப்படியாகாமல் தெரபிஸ்ட்கள் அடிக்கடி மாறுவதும் உண்டு. புதியவர் மறுபடி அசெஸ்மென்ட்டில் தொடங்குவார். பிள்ளை அவருக்குப் பழகவே நாளாகும். பழைய ரிப்போர்ட், ஐ.இ.பி. (பிள்ளைக்கென்று பள்ளி போடும் தனிக் கல்வித் திட்டம்) நகல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்திருந்து முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு அதிகம் பலன் தந்தது டைரிதான். செஷனில் செய்ததை இரண்டு வரி எழுதித் தரும்படி தெரபிஸ்டிடம் சொன்னோம். "தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் பட அட்டையை எடுத்துக் கொடுக்கப் பழக்கவும்" என்று எழுதியிருப்பார். வகுப்பில் மிஸ் அதையே செய்வார், வீட்டில் நானும் என் மாமியாரும். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் தானாகச் செய்வது இந்தப் பிள்ளைகள் பலருக்குக் கஷ்டம். தெரபி அறையில் பட அட்டையை எடுத்துக் கொடுக்கிறவன் அடுக்களையில் கையைப் பிடித்து இழுப்பான். அதனால், என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்லாத தெரபி எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வெளியே தேடுவதானால் முதலில் அரசு இடங்களைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) எங்கே என்று விசாரியுங்கள். 18 வயது வரை இலவசம். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் உண்டு. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் (NIEPMD) நிறுவனம் இருக்கிறது.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. அதில் தெரபிக்கென்று ஒரு பகுதி உண்டு. சேர மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. தெரபி பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள், அதை வைத்துத்தான் பணம் கேட்க முடியும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இல்லையென்றால் இதில் சேர முடியாது, முதல் வேலையாக அதை வாங்குங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பிள்ளைக்கு ஏற்ற தனிப்பட்ட உதவியைத் தர வேண்டும் என்கிறது. தெரபிஸ்ட் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடுகிறதென்றால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மனு எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.