தீவுக்குப் போகிறீர்களா, தொப்பி முக்கியம்

கேள்வி: ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் கணவரும் போகிறோம். ஊருக்குள் இருக்கும் கோட்டையெல்லாம் போன தடவையே பார்த்தாச்சு. கடலோரமாகப் பழைய இடங்களும் ஒரு தீவும் பார்க்க ஆசை. ஸ்கை தீவுக்குக் காரில் ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. எனக்கு முழங்கால் வலி வேறு.
- ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: வேண்டாம். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம், முழங்கால் என்ன ஆகும்? பேசாமல் பக்கத்திலேயே இருக்கும் ஃபைஃப் கடற்கரைக்குப் போங்கள்.

முதலில் செயின்ட் ஆண்ட்ரூஸ். 1318-ல் ராபர்ட் புரூஸ் மன்னர் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்ட பெரிய தேவாலயம் இன்று மொட்டைச் சுவர்களாகக் கடலைப் பார்த்து நிற்கிறது; 1559-ல் மதச் சீர்திருத்தக் கூட்டம் சூறையாடியது, அப்புறம் ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். அங்கிருந்து சவுத் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தால் ஒரு பழைய பள்ளிக் கட்டடம், அந்தப் பள்ளியின் பெயர் என்ன தெரியுமா? மெட்ராஸ் காலேஜ்! அதற்குப் பணம் கொடுத்த ஆண்ட்ரூ பெல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தவர், நம் எழும்பூரில் அனாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்தியவர். திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார், பெரிய பையன்களைச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார் (நம்ம சட்டாம்பிள்ளைதான்), அந்த 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து வரை பரவியது. பள்ளி இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது, ஆனாலும் அந்த வாசலில் ஒரு போட்டோ எடுக்காமல் வராதீர்கள்.

தீவு என்றால் ஐல் ஆஃப் மே. ஆன்ஸ்ட்ருதர் துறைமுகத்தில் படகு ஏற வேண்டும். பழைய மடத்தின் இடிபாடு, 1636-ல் நிலக்கரி எரித்து வெளிச்சம் காட்டிய விளக்குக் கோபுரம், 1816-ல் கட்டிய லைட் ஹவுஸ் எல்லாம் உண்டு, ஆனால் ஜூனில் யாரும் அதற்காகப் போவதில்லை. கிளி மூக்கில் வர்ணம் பூசின மாதிரி பஃபின் பறவைகள், வாயில் நாலைந்து மீன் தொங்க, வளைக்குள் ஓடுவதைப் பார்க்கத்தான் கூட்டம். இறங்குதுறைப் பக்கம் ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் முட்டையிட்டிருக்கும், நேராக வந்து மண்டையில் கொத்தும். தடித்த தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

மேடேற முடியாது என்று தோன்றினால் சவுத் குயின்ஸ்ஃபெரியிலிருந்து இஞ்ச்காம் தீவுக்குப் போகலாம். நன்றாக நிலைத்து நிற்கும் பழைய மடம், போகிற வழியில் 1890-ல் திறந்த ஃபோர்த் ரயில் பாலத்துக்கு அடியிலேயே படகு போகும். எதுவானாலும் ஊர் திரும்பும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், காற்று பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.