கழிவு ஒயிலுக்கு விலை உண்டா? கேள்வி பதில்

கிளிநொச்சிப் பக்கம் நெடுங்காலமாக உழவு இயந்திரங்கள் திருத்தி வருகிறேன். என்ஜினிலிருந்து வடித்தெடுக்கும் கழிவு ஒயில் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, பழைய ஒயிலைத் துணியில் வடித்து மறுபடி ஊற்றினால் என்ன? (பரந்தன்)

வேண்டாம் தம்பி. போர்க்காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். இதையும் செய்து பார்த்திருக்கிறோம். பிஸ்டன் வளையங்கள்தான் பலியாகின. துணி மண்ணைப் பிடிக்கும். நுண்ணிய கரியும், டீசல் எரிந்து வந்த அமிலமும் அதன் வழியே இறங்கிவிடும்.

ஆலையில் மட்டும் எப்படிப் புதிதாக்குகிறார்கள்? (வவுனியா)

ஒயிலின் பெரும்பகுதியான அடிப்படை எண்ணெய் சாவதில்லை, அழுக்காகிறது. முதலில் சூடாக்கித் தண்ணீரையும் கலந்துவிட்ட எரிபொருளையும் போக்குகிறார்கள். பிறகு வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள். சாதாரண அழுத்தத்தில் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் எண்ணெய் சிதைந்து கருகிவிடும். கடைசியில் ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகத்தை நீக்கி, புதிய கூட்டுப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஒரு பரல், அதாவது 159 லீற்றர் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும், என்ஜினுக்கு ஊற்றுகிற மசகு எண்ணெய் இரண்டரை லீற்றர் கூட வராது. அதே அளவை ஏறக்குறைய 4 லீற்றர் கழிவு ஒயில் தந்துவிடும். ஒரு பெரிய உழவு இயந்திரத்தின் ஒயிலை ஒருமுறை மாற்றினாலே அதைவிடக் கூடுதலாக வடிகிறது.

வேலிக்கட்டைக்குக் கறையான் வராமல் பூசுகிறோமே? (துணுக்காய்)

நானும் பூசியவன்தான். மாரி மழையில் அது கழுவுண்டு மண்ணுக்குள் போகும். ஈயம், துத்தநாகம் எல்லாம் கூடவே போகும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் மிதந்த கதை தெரியும்தானே? கிணற்றடி வேலிக்கு நிச்சயமாகப் பூசாதீர்கள்.

செங்கல் சூளையில் எரிக்கலாமா? (முள்ளியவளை)

கூடாது. அந்தச் சூடு போதாது, புகையோடு உலோகமும் ஊருக்குள் வரும். சிமெந்துச் சூளை வேறு. அங்கே 1400 பாகை செல்சியசுக்கு மேல் சூடு உண்டு.

பரல் நிறையச் சேர்த்தேன். வாங்க வந்தவர் பாதி விலைதான் சொன்னார். ஏமாற்றுகிறாரா? (மாங்குளம், கராஜ்காரர்)

அவரைத் திட்டுவதற்கு முன் பரலைப் பாருங்கள். இரும்புத் தகடு ஒன்றை நன்றாகச் சூடாக்கி, தள்ளி நின்று ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. மூடியில்லாத பரலை முற்றத்தில் வைத்தால் வேறென்ன நடக்கும்? பிறேக் ஒயில், பெயின்ற் கழுவிய தின்னர், ரேடியேற்றர் தண்ணீர் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே ஊற்றுகிற பழக்கமும் நம்மிடம் உண்டு. அப்படிக் கலந்ததைச் சுத்திகரிப்பவர் தொடவே யோசிப்பார். பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெய் கலந்தால் இன்னும் மோசம். அதில் நச்சு இருக்கக்கூடும். என்ஜின் ஒயிலுக்கென்று தனிப் பரல் வையுங்கள், கூரைக்குக் கீழே, சீமெந்துத் தரையில்.

வாங்க வருபவரிடம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமத்தைக் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் பரலை உருட்டிக் கொடுக்காதீர்கள்.