வேலையில்லாதவனின் விசுவாசம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. ஒரு வருடத்துக்கும் மேலாக வேலையில்லை. மனைவியின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவள் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. ஆனால் சபையில் ஒரு மூப்பர் 1 தீமோத்தேயு 5:8-ஐ எடுத்து, தன் வீட்டாரை விசாரிக்காதவன், அதாவது பராமரிக்காதவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்று என்னிடமே சொன்னார். மேடையிலோ, ‘நீ ராஜாவின் பிள்ளை, உனக்குத் தோல்வியே இல்லை’ என்று பிரசங்கம். இரண்டையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், நான் எதற்கும் லாயக்கில்லை என்றுதான் தோன்றுகிறது. சில இரவுகளில், நான் இருந்துதான் என்ன என்றும் தோன்றுகிறது. விசுவாசியான ஓர் ஆண் தன்னை எப்படி மதித்துக்கொள்வது?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

‘நான் இருந்துதான் என்ன’ என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் காத்திருக்கலாம். எலியா தீர்க்கதரிசியே இதைச் சொல்லியிருக்கிறார். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று கேட்டார் (1 இராஜாக்கள் 19). அதற்காக யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. தூதன் எழுப்பிச் சாப்பிட வைத்தான், அவர் மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கடவுள் அவரைக் கேள்வி கேட்டதெல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். ஆகவே இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த இரவுகளைப் பற்றி மனைவியிடமும் சொல்லுங்கள். இது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, மூப்பருக்கு வருவோம். அந்த அதிகாரத்தை 3ஆம் வசனத்திலிருந்து வாசித்தால், பேச்சு விதவைகளைப் பற்றியது என்று தெரியும். ஆதரவற்ற தாயையும் பாட்டியையும் சபையின் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்களைத்தான் அந்த நிருபத்தில் பவுல் திட்டுகிறார். வேலை தேடி அலைகிறவனை அல்ல. 16ஆம் வசனம் அதே பொறுப்பை விசுவாசியான பெண்ணுக்கும் கொடுக்கிறது. வசனத்தைக் கல்லாக எடுத்து எறிகிறவர்கள் பொதுவாக முன்னும் பின்னும் வாசிப்பதில்லை.

மனைவியின் பணத்தில் சாப்பிடுவது உங்களை எவ்வளவு உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. லூக்கா 8-இன் முதல் மூன்று வசனங்களைப் பாருங்கள். இயேசு ஊர் ஊராகப் போனபோது அவருக்கும் சீஷர்களுக்கும் தங்கள் ஆஸ்திகளால் உதவியவர்கள் பெண்கள். மகதலேனா மரியாள், ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் என்று பெயர்களோடு எழுதியிருக்கிறார் லூக்கா. அதில் மறைக்க வேண்டியது ஏதும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. சம்பாதிப்பதுதான் ஆண்மை என்ற கணக்கை நாம் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து பைபிளுக்குள் வைத்துவிட்டோம்.

அப்புறம், நீங்கள் கேட்ட மதிப்பு. “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்ற சத்தம் இயேசுவுக்கு எப்போது கேட்டது? ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறிய உடனே. மத்தேயு எழுதியபடி பார்த்தால், அதுவரை அவர் ஒரு பிரசங்கம் செய்ததில்லை, ஒரு வியாதியஸ்தனைக் குணமாக்கியதில்லை, ஒரு சீஷனும் கூட இல்லை. பாராட்டும்படி எதையும் செய்யாதவர்மேல்தான் அந்தப் பிரியம். அடுத்த அதிகாரத்திலேயே சோதனைக்காரனாகிய பிசாசு வருகிறான்: “நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்.” மகன் என்றால் நிரூபித்துக் காட்டு, அதுவும் சாப்பாடு வரவழைத்து! இயேசு நிரூபிக்கவில்லை. பசியோடு இருந்துகொண்டே மறுத்தார். மாதக் கடைசியில் உங்கள் மனதுக்குள் கேட்கிற குரலும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்கிறது. அது கடவுளின் குரல் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

ராஜாவின் பிள்ளைக்குத் தோல்வியில்லை என்கிற பிரசங்கத்தை நான் இதனால்தான் நம்புவதில்லை. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அதுவும் அப்பத்தைக் காட்டு என்றுதான் கேட்கிறது.

வேலை தேடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கிடைக்கட்டும், கிடைக்க வேண்டும். அதுவரை ஒன்று செய்யலாம். சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் பெரும்பாலும் வேலை கிடைத்தவர்களும் வீடு கட்டியவர்களும்தான் எழுந்து நிற்கிறார்கள். மருத்துவரைப் பார்த்து, கொஞ்சம் தெம்பு வந்த பிறகு, இன்னும் வேலை கிடைக்காத நீங்களும் ஒருநாள் பேசலாமா என்று போதகரிடம் கேளுங்கள். அதற்கு இடமில்லை என்றால் வேறு சபை பார்ப்பதில் தப்பில்லை.