கைப்பேசியில் வங்கிக் கணக்கு: நீக்கிவிடலாமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வயது 63. தேவகோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக வசிக்கிறேன். ஓய்வூதியம் வரும் சேமிப்புக் கணக்கும், பணிக்கொடையைப் போட்டு வைத்துள்ள 18 லட்சம் ரூபாய் நிரந்தர வைப்பும் ஒரே வங்கியில் இருக்கின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் என் கைப்பேசியில் வங்கிச் செயலியையும் யுபிஐ செயலியையும் போட்டுக் கொடுத்திருக்கிறான். பின் எண்கள் அவனுக்கும் தெரியும். சென்ற மாதம் என் தோழி ஒருவர், வாட்ஸ்அப்பில் வந்த திருமண அழைப்பிதழைத் திறந்த பிறகு கணக்கிலிருந்த பணம் முழுவதையும் இழந்தார். அவர் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை. அன்று முதல் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. வங்கிக் கிளைக்கு 14 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும் என்றாலும் பரவாயில்லை, கைப்பேசியிலிருந்து எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம் அம்மா. செயலியை நீக்கினால் திரையிலிருந்து அதன் படம் மறையுமே தவிர, உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்ட யுபிஐ, இணையவழி வங்கிச் சேவை, டெபிட் கார்டு ஆகியவை அப்படியே உயிரோடு இருக்கும். அதோடு, கணக்கில் நடப்பதைச் செயலியில் உடனே திறந்து பார்க்கும் வசதியையும் இழந்துவிடுவீர்கள். கைப்பேசி வழியாக எட்டக்கூடிய தொகை எவ்வளவு என்பதைத்தான் நீங்கள் மாற்ற வேண்டும். இப்போது உங்கள் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு கருவிக்குப் பின்னால் நிற்கிறது. உங்கள் அச்சம் நியாயமானது என்று நான் கருதுவது இதனால்தான்.

உங்கள் தோழிக்கு என்ன நடந்திருக்கும் என்பதை முதலில் புரிந்துகொள்வோம். வங்கிச் செயலியும் யுபிஐ செயலியும் முதன்முறை பதிவாகும்போது, கணக்கில் பதிந்துள்ள எண்ணின் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகச் செல்லும்; அதன் வழியே அந்தச் சிம்மும் அந்தக் கருவியும் கணக்கோடு பிணைக்கப்படும். ஆகவே ஒருவர் உங்கள் பின் எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு வேறொரு கைப்பேசியிலிருந்து பணத்தை எடுத்துவிட முடியாது. மோசடிக்காரர்கள் இந்தப் பூட்டை உடைக்க முயல்வதில்லை. உள்ளே இருப்பவரைக் கொண்டே திறக்க வைக்கிறார்கள். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது, விவசாயிகள் உதவித்தொகைப் பட்டியல் என்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் ஏபிகே கோப்புகள், அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவும் கோப்புகள். அதைத் தொட்டு, 'நிறுவு' என்பதற்கும், குறுஞ்செய்திகளைப் படிக்க அது கேட்கும் அனுமதிக்கும் சம்மதித்துவிட்டால், வரும் ஓடிபி ஒவ்வொன்றும் நீங்கள் பார்ப்பதற்கு முன்பே மோசடிக்காரருக்குப் போய்விடும். குறுஞ்செய்தி அனுப்பும் அனுமதியும் கிடைத்துவிட்டால், உங்கள் சிம்மிலிருந்தே பதிவுச் செய்தியை அனுப்பித் தன் கருவியைக் கணக்கோடு பிணைக்கவும் அவர் முயலலாம். தோழி யாரிடமும் ஓடிபி சொல்லாதபோதும் பணம் போனது இந்த வழியில்தான் இருக்கக்கூடும்.

உண்மையான அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ காணொளியாகவோ வரும். எதையும் நிறுவச் சொல்லாது. கைப்பேசியின் அமைப்புகளில் 'அறியாத செயலிகளை நிறுவுதல்' என்ற இடத்துக்குச் சென்று வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் அந்த அனுமதியை நிறுத்திவிடுங்கள். இதுவரை நான் சொன்னவற்றில் உடனே செய்ய வேண்டியது இது ஒன்றே. யாராவது தொலைபேசியில் அழைத்து, திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. வங்கிகளின் இணையதள முகவரிகள் 2025 அக்டோபர் இறுதிக்குள் 'பேங்க்.இன்' (bank.in) என்று முடியும்படி மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருப்பதால், வேறு விதமாக முடியும் முகவரியில் கடவுச்சொல்லைப் பதிக்காதீர்கள். காரணமின்றி நெட்வொர்க் நெடுநேரம் மறைந்துபோனால், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கலாம் என்று எண்ணி, அடுத்த வீட்டுத் தொலைபேசியிலிருந்தாவது சேவை நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வூதியக் கணக்கை மாற்றுவது அலைச்சல் என்பதால் அதை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அன்றாடச் செலவுக்கென வேறொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அதே வங்கியில் தொடங்கினால் பயனில்லை. ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் இரண்டு கணக்குகளும் ஒரே செயலியில் தெரியும். பொதுத்துறை வங்கிகள் பலவும் சராசரி இருப்பு குறைந்தால் விதிக்கும் அபராதத்தைக் கைவிட்டுவிட்டதால் கூடுதல் கணக்கு உங்களுக்குச் சுமையாகாது. ஓய்வூதியக் கணக்கிலிருந்து மாதந்தோறும் செலவுக்கான தொகை, 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், இந்தப் புதிய கணக்குக்குத் தானாக மாறும்படி கிளையில் நிலையான அறிவுறுத்தல் கொடுத்துவிடுங்கள். கைப்பேசியில் யுபிஐயும் வங்கிச் செயலியும் இந்தப் புதிய கணக்குக்கு மட்டுமே இருக்கட்டும். மளிகை, மின்கட்டணம், மருந்து எல்லாம் இதிலிருந்தே நடக்கும். நாளை ஏதேனும் தவறு நேர்ந்தாலும் போகக்கூடியது அந்த மாதத்தின் மீதிப் பணம் மட்டுமே.

ஓய்வூதியக் கணக்கின் வங்கிக்குச் சென்று, யுபிஐ இணைப்பையும் மொபைல் மற்றும் இணையவழிச் சேவைகளையும் நிறுத்தும்படி எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். டெபிட் கார்டை வைத்திருக்கலாம், ஆனால் அதில் இணையவழிப் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டு, ஏடிஎம்மில் எடுக்கும் வரம்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் இந்த வசதியை வங்கிகள் கட்டாயம் தர வேண்டும். முடியுமானால் அந்தக் கணக்குக்குத் தனியாக ஒரு சிம் வாங்கி, ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு, அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். பட்டன் போனில் ஏபிகே கோப்பு எதையும் நிறுவ முடியாது. ஆனால் அந்தச் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் மறந்துவிட்டால் எண் பறிபோய் வேறொருவருக்கு ஒதுக்கப்படும் ஆபத்து உண்டு. நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர வைப்பைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. சேமிப்புக் கணக்கில் இருப்பதுதான் திருடுபோகும், வைப்பில் இருப்பது பூட்டிய பெட்டியில் இருப்பதுபோல என்று நினைக்கிறார்கள். பல வங்கிகளின் செயலியில் வைப்பை முதிர்வுக்கு முன்பே முறிக்கலாம்; வைப்பை ஈடாகக் காட்டி மிகைப்பற்றும் (ஓவர்டிராஃப்ட் எனப்படும் கடன்) எடுக்கலாம். செயலிக்குள் நுழைந்தவர் 18 லட்சத்தைச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து வெளியே அனுப்பிவிட முடியும். எனவே உங்கள் வைப்பை இணையம் வழியே முறிக்கவோ அதன் பேரில் கடன் பெறவோ முடியாதபடி செய்ய இயலுமா என்று மேலாளரிடம் நேரில் கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால், முதிர்வு நாள் வந்ததும் ஒரு பகுதியை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றலாம். 60 வயது நிறைந்தவர்கள் அதில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை வரும். அங்கும் மொபைல் சேவையைக் கேட்டு வாங்காதீர்கள்.

எல்லாம் செய்த பிறகும் பணம் போய்விட்டால், நேரம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம். ஐயத்துக்குரிய செயலி நுழைந்துவிட்டது என்று தெரிந்தால் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியையும் 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள். திருடிய பணம் வாடகைக்கு எடுத்த பல கணக்குகள் வழியே ஓடுகிறது. எந்தக் கணக்கில் இன்னும் நிற்கிறதோ அங்கே அதை முடக்கச் செய்வதே அந்த எண்ணின் வேலை. ஆதாரம் அழியாமல் இருக்க, கைப்பேசியை அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையை உங்கள் தோழியும் அறிந்திருப்பது நல்லது. தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் இடையில் வேறெங்கோ நேர்ந்திருந்து, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது என்றும், 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அவர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய் என்றும் அது வகுத்தது. பின் எண்ணை அல்லது ஓடிபியைத் தானே கொடுத்துவிட்டவர், புகார் செய்யும் வரை போனது முழுவதையும் தாமே ஏற்க வேண்டும். புகாருக்குப் பின் போவது வங்கியின் பொறுப்பு. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியைச் சேர்ந்தது. உங்கள் தோழியிடம், 'நீங்கள்தானே கோப்பைத் திறந்தீர்கள்' என்று கிளையில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருந்தால், அதை முடிவாக ஏற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கட்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடைசியாக, உங்கள் மகன் அறிந்திருக்கும் பின் எண்கள். அவர் மீது எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் அந்த எண்கள் வாட்ஸ்அப் செய்தியாக அவருக்குப் போயிருந்தால் இரண்டு கைப்பேசிகளில் பதிந்து கிடக்கின்றன. நாளை வங்கியோடு வழக்காட நேர்ந்தால், பின் எண்ணைப் பிறரிடம் பகிர்ந்தவர் என்ற ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கும். இன்றே மாற்றுங்கள். உடல்நலம் குன்றும் வேளையில் அவர் பணம் எடுக்க வேண்டியிருக்குமே என்பது உங்கள் கவலையானால், புதிய செலவுக் கணக்கை அவர் பெயரையும் சேர்த்து, இருவரில் எவரும் இயக்கலாம் என்ற முறையில் தொடங்குங்கள். அவருக்கென்று தனிக் கார்டும் தனிப் பின் எண்ணும் கிடைக்கும். வைப்புக்கு அவரை நியமனதாரராகப் பதிந்தால் போதும். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது இருவரும் சேர்ந்தே கிளைக்குப் போனால், இவை அனைத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.